ஐம்பதா, பதினைந்தா

சீனிவாசகம் தொழிலைப் பிரித்துக் கொடுத்தபோது, மகனுக்குத் திருத்தங்கல் அச்சகக் கட்டிடத்தையும் மெஷின்களையும் கொடுத்தார். மகளுக்கு ஆர்டர் பிடிக்கும் வேலையையும் டிசைன் பிரிவையும் கொடுத்தார். பட்டாசுப் பெட்டி லேபிளானாலும் தினசரி காலண்டரானாலும், வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தது மூத்தவள் ஸ்ரீமதிதான். அதனால் அவருக்கு அந்தப் பிரிவினை நியாயமாகப் பட்டது. இளையவன் மணிகண்டராஜுக்கு அப்படிப் படவில்லை. இரும்பை என் தலையில் கட்டிவிட்டு வாடிக்கையாளர்களை அவளுக்குக் கொடுத்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் வீடுகளில் எல்லாம் சொன்னான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தொழிலில் என்ன பங்கு என்றும் கேட்டான். அன்றிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

பிரிக்க முடியாமல் ஒரு பொருள் மட்டும் நடுவில் நின்றது. அச்சகத்தின் மாடியில், ஏசி போட்ட சின்ன அறைக்குள் இருந்த சர்வர். எல்லா டிசைன்களும் அதற்குள்தான் இருந்தன. கீழே அச்சுத் தகடான பிளேட்டை எடுக்கும் மெஷின் அதிலிருந்துதான் கோப்பை வாங்கும். பிளேட் வந்தால்தான் ஆப்செட் அச்சு மெஷின் ஓடும். விருதுநகரில், கணவன் ஸ்ரீராம்குமாரின் மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல் மாடியில் ஸ்ரீமதி ஆபீஸ் போட்டிருந்தாள். அவளுடைய ஆட்களும் இணையம் வழியாக அந்த சர்வருக்குள் நுழைந்துதான் வேலை செய்தார்கள். அது லினக்ஸ் மெஷின். வெளியாள் யாரையும் கூப்பிடாமல் அவளே உட்கார்ந்து அமைத்தது.

உறவில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தீபாவளி வரை சர்வர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், இரண்டு பேரும் பயன்படுத்திக்கொள்ளட்டும். அதன் பிறகு அவள் தன் டிசைன்களை எடுத்துக்கொண்டு, பாஸ்வேர்டைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று முடிவானது. மணிகண்டராஜ் ஒரு நிபந்தனை போட்டான். அதுவரை அவளோ அவள் ஆட்களோ தன் கட்டிடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அவள் சரி என்றாள். அங்கே போகாமலே எல்லாம் செய்ய முடியும் என்ற தைரியம் அவளுக்கு.

ஆவணிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை விக்னேஷ்குமார் போன் செய்தான். அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். பிரிவினைக்கு முன்பு ஸ்ரீமதிக்குக் கீழேதான் வேலை பார்த்தான். முதலாளி புது இணைய லைன் வாங்கியிருக்கிறார், புது ரூட்டர் வந்திருக்கிறது, அதன் முகவரி வரிசை வேறு, அதனால் சர்வரின் முகவரியையும் மாற்ற வேண்டும் என்றான். பாஸ்வேர்டு அவளிடம் இருப்பதால் அவளே அங்கிருந்து மாற்றிவிட வேண்டும் என்று முதலாளி சொன்னாராம்.

வேலை பெரிய வேலை இல்லை. அந்த சர்வரின் முகவரி தானாக வருவதல்ல. ஒரு கோப்பில் அவள் கையால் எழுதி வைத்தது. பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுத வேண்டும். ரூட்டரின் எண்ணையும் எழுத வேண்டும், அதுதான் மெஷின் வெளியே வரும் வாசல். எழுதிச் சேமித்தால் மட்டும் ஒன்றும் ஆகாது. அமலாக்கும் கட்டளையைக் கொடுக்கும்வரை மெஷின் பழைய முகவரியிலேயே இருக்கும். கொடுத்த கணத்தில் புது முகவரிக்குப் போய்விடும். எழுதிய எண் தவறாக இருந்தால் வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. நேரில் போய், அதன் முன்னால் உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டும்.

அதனால் அவள் ஒரு பாதுகாப்பு கேட்டாள். புது முகவரியில் தான் நுழைய முடியாமல் போனால் மெஷின் தானாகப் பழைய முகவரிக்குத் திரும்பும்படி வைத்துவிடுகிறேன், அதுவரை பழைய லைனைப் பிடுங்காமல் வைத்திருங்கள் என்றாள். விக்னேஷ்குமார் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்டான். பிறகு, லைன்காரர் நிற்கிறார், பழையதை இப்போதே கழற்றப்போகிறார், முடியாதென்று முதலாளி சொல்கிறார் என்றான். பேச்சில் அக்கா போய் மேடம் வந்திருந்ததை அவள் கவனித்தாள்.

புது வரிசையின் எண்ணைக் கேட்டாள். அவன் இங்கிலீஷில் சொன்னான். ஃபிஃப்டி என்பதுபோல் கேட்டது.

"ஐம்பதா, பதினைஞ்சா? தமிழ்ல சொல்லு."

மறுமுனையில் மறுபடி போனைப் பொத்துவது கேட்டது. பிறகு, "ஐம்பது, மேடம்" என்றான்.

அவள் கோப்பைத் திறந்து எழுதினாள். ஒவ்வொரு எண்ணையும் போனில் வாசித்துக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் அவன் சரி சரி என்றான். அவனுக்குப் பின்னால் மணிகண்டராஜின் குரல் கேட்டது. ஒரு நம்பரை மாத்த இம்புட்டு நேரமா, இதுக்குத்தான் அப்பா பெரிய மேதைனு தூக்கி வச்சாரா என்று, அவள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்ரீமதிக்குக் காதோரம் சூடேறியது. அமலாக்கும் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினாள்.

திரை உறைந்து நின்றது. முகவரி மாறினால் அப்படித்தான் ஆகும். புது லைன் வழியாக நுழைந்து பார்த்தாள். பதில் இல்லை. மறுபடி பார்த்தாள். விக்னேஷ்குமாரைக் கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. பிறகு போனை அணைத்தே வைத்துவிட்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மணிகண்டராஜே கூப்பிட்டான். பிரிவினைக்குப் பிறகு அவன் அவளுக்குச் செய்த முதல் போன் அது. சர்வரைக் கெடுத்துவிட்டாய், சீசன் நேரத்தில் என் மெஷினை நிறுத்தவே வேண்டுமென்று செய்திருக்கிறாய் என்றான். அவள் பதில் சொல்லும் முன்னே வைத்துவிட்டான். அதன் பிறகு வரிசையாகப் போன்கள் வந்தன. பெரியப்பா வீட்டிலிருந்து, சித்தப்பா மகனிடமிருந்து. எல்லோருக்கும் செய்தி போயிருந்தது. கடைசியாக அம்மா பாலம்மாள் அழைத்தாள். கூடப் பிறந்தவன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட உனக்கு எப்படி மனசு வந்தது என்று அழுதாள். தான் எதுவும் செய்யவில்லை என்று ஸ்ரீமதி சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கே சந்தேகம் வந்தது. கோபத்தில் ஏதாவது எண்ணைத் தவறாக எழுதிவிட்டோமோ?

ஸ்ரீராம்குமார் மண்டியிலிருந்து மேலே வந்து எல்லாவற்றையும் கேட்டான். போகாதே என்றான். உன் தம்பி வாசலில் போய் நிற்பதைவிட அவமானம் இல்லை, பெரியவர்கள் வந்து கூப்பிடட்டும் என்றான். ஆனால் உள்ளே இருந்தவை அவளுடைய வாடிக்கையாளர்களின் டிசைன்கள். லேபிள் இல்லாமல் அவர்களின் லோடு கிளம்பாது. நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அவனும் கூட வருவதாகச் சொன்னதற்கு, நீ வந்தால் இரண்டு வீட்டுச் சண்டையாகிவிடும் என்று மறுத்துவிட்டாள். கிளம்பும்போது மேஜையில் கிடந்த வெளி டிஸ்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டாள். எதற்கென்று அப்போது தெளிவாக நினைக்கவில்லை.

ஆமத்தூர் தாண்டிப் போகும்போது வெயில் முகத்தை அறைந்தது. அச்சக வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். வாட்ச்மேன் செந்தூர்பாண்டி கேட்டைத் திறக்கவில்லை. அவள் கல்யாணத்துக்குப் பந்தல் வேலை பார்த்தவர்.

"மொதலாளி சொல்லாம யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு. கோவிச்சுக்கிடாதீக" என்றார், கேட்டைப் பார்த்தபடி.

அவள் வெயிலில் நின்றாள். தம்பி மேலேதான் இருந்தான். ஜன்னலில் அவன் சட்டை தெரிந்தது. இறங்கி வரவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. உள்ளே சத்தமே இல்லை. சீசனில் அந்தக் கட்டிடம் அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. மெஷின் நின்றதாகத் தம்பி போனில் சொன்னதை அவள் நம்பவில்லை; தன்னால் மட்டும்தான் சர்வருக்குள் போக முடியவில்லை என்று நினைத்திருந்தாள். அவர்களாலும் முடியவில்லை. ஆப்செட் ஆட்கள் எதிரே டீக்கடையில் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் முத்துப்பாண்டி எழுந்து வந்தார். மெஷின்மேனாக அப்பா காலத்திலிருந்து இருக்கிறவர்.

"அக்கா-தம்பி சண்டையை வீட்டுக்குள்ள போட்டுக்கிடுங்க. காலையிலருந்து சும்மா உக்காந்திருக்கோம். இன்னைக்கு ஓடுனாத்தான் எங்களுக்குக் கூலி. அது உங்க ரெண்டு பேருல யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

அவர் அவளிடம் இப்படிப் பேசியதே இல்லை. பதிலுக்கு நிற்காமல் டீக்கடைக்குத் திரும்பினார்.

ஒருவழியாக மேலிருந்து உத்தரவு வந்து கேட் திறந்தது. மாடி அறையில் மணிகண்டராஜ் கைகட்டி நின்றான். விக்னேஷ்குமார் சுவரோரம் இருந்தான். வா என்றுகூட யாரும் சொல்லவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தாள். அதற்கு முன்பு யாரோ அட்மினாக நுழைய மறுபடி மறுபடி முயன்று தோற்றிருந்ததையும், மெஷினைப் பலமுறை அணைத்துப் போட்டிருந்ததையும் பார்த்தாள். அணைத்துப் போட்டு என்ன பயன்? கோப்பில் எழுதியிருப்பதையே அது எழுந்தவுடன் மறுபடி எடுத்துக்கொள்ளும்.

கோப்பைத் திறந்தாள். காலையில் வாசித்துக் காட்டிய எண்களேதான் இருந்தன. ஒன்றும் தவறவில்லை. மெஷினிலிருந்து ரூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த எண்ணில் யாரும் இல்லை.

"விக்னேஷ், உன் கம்ப்யூட்டருக்குப் புது ரூட்டர் என்ன நம்பர் குடுத்திருக்குன்னு காட்டு."

அவன் அசையவில்லை. அவளே திரையைப் பூட்டிவிட்டு எழுந்து போய்ப் பக்கத்து மேஜையில் இருந்த அவன் கம்ப்யூட்டரில் பார்த்தாள். பதினைந்து. அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி ஜன்னலைப் பார்த்தான்.

"ஃபிஃப்டி, ஃபிஃப்டீன்… போன்ல சரியா விழுந்திருக்காது. இது ஒரு விஷயமா? மாத்திட்டுக் கெளம்பு" என்றான் மணிகண்டராஜ்.

"தமிழ்ல கேட்டேன்டா மணி. ஐம்பதும் பதினைஞ்சும் எங்கன ஒண்ணு போலக் கேக்கு?"

அவள் திரும்ப வந்து உட்கார்ந்து மறுபடி பாஸ்வேர்டை அடித்தாள். முழு ஏற்பாடும் அவளுக்கு இப்போது விளங்கியது. அவளாகவே தவறான முகவரியை எழுதி வெளியே நின்றுவிட வேண்டும். கெடுத்தது அவள்தான் என்று உறவெல்லாம் சொல்ல வேண்டும். பிறகு விக்னேஷ்குமார் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அச்சகத்துக்கு மட்டும் அதைச் சரிசெய்துகொள்வான். அவள் தீபாவளி வரை வெளியே கிடப்பாள். அவளுடைய வாடிக்கையாளர்கள் டிசைன் எங்கே இருக்கிறதோ அங்கே நேராக வருவார்கள். நல்ல திட்டம்தான். வெளியிலிருந்து நுழையத்தான் பாஸ்வேர்டு வேண்டும் என்று இருவரும் நினைத்துவிட்டார்கள்; அந்தக் கோப்பை மாற்ற, மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாலும் அது வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

அவள் ஐம்பதை அழித்துப் பதினைந்து என்று எழுதினாள். கீழே இருந்த ரூட்டர் எண்ணையும் திருத்தினாள். ஒருமுறை மெதுவாக வாசித்துப் பார்த்துச் சேமித்தாள். பிறகு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

முடிந்துவிட்டது என்று நினைத்த மணிகண்டராஜ், பிளேட் போடச் சொல்லிப் படிக்கட்டிலிருந்து கீழே குரல் கொடுத்தான். பிளேட் மெஷின் இன்னும் கோப்பை எடுக்கவில்லை என்று கீழேயிருந்து பதில் வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"எழுதிட்டேன். இன்னும் அமலாக்கல" என்றாள் ஸ்ரீமதி. பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மெஷினில் சொருகினாள். "என் பார்ட்டிகளோட டிசைன் எல்லாம் இதுல ஏறட்டும். ஏறி முடிஞ்சதும் தட்டுறேன்."

அவன் கத்தினான். திருடி என்றான். போலீசைக் கூப்பிடுவேன் என்றான். மெஷினையே பிடுங்கி எறிவேன் என்று வயரைப் பிடித்தான். பிடுங்கினால் உன் பிளேட்டும் சேர்ந்துதான் போகும் என்று அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவன் வயரை விட்டுவிட்டு விக்னேஷ்குமாரைப் பார்த்து, அந்தக் கட்டளையை உன்னால் கொடுக்க முடியாதா என்று கேட்டான். மேடம் திரையைப் பூட்டாமல் எழ மாட்டார், மறுபடி பாஸ்வேர்டு கேட்கும் என்று அவன் மெல்லச் சொன்னான்.

கோப்புகள் ஏறத் தொடங்கின. அச்சகத்தின் சொந்த ஆர்டர்களை அவள் தொடவில்லை; தனக்குப் பாகமாக வந்தவற்றை மட்டும் எடுத்தாள். நகலை எடுத்தபின் இங்கே இருப்பதை அழித்துவிட ஒரு வரி போதும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் நினைக்காமல் இல்லை. அந்த வரியை அடித்தும் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கீழே சிலர் கூலிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அச்சடிக்க வேண்டியவை அவற்றுக்குள்தான் இருந்தன.

மணிகண்டராஜ்தான் முதலில் பேசினான். கத்தல் அடங்கிப்போன குரல்.

"ஆர்டர்னா ஸ்ரீமதி. பார்ட்டி வந்தா ஸ்ரீமதி. நான் இங்கன மையைக் கழுவிக்கிட்டுக் கெடந்தேன். அப்பா என்னைய ஒரு பார்ட்டிகிட்டயாவது கூட்டிட்டுப் போய், இவன் என் மகன்னு சொல்லியிருப்பாரா? இப்ப மெஷினை மட்டும் குடுத்துட்டாரு. அதுல எதை ஓட்டுறது?"

அது உண்மை என்பது அவளுக்குத் தெரியும். பார்ட்டிகள் அவளைத் தேடி வந்தபோது அவளுக்கு அது பிடித்திருந்தது. தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அதை அவனிடம் இப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து வந்த போன்கள் எல்லாம் நெஞ்சுக்குள் அப்படியே இருந்தன.

"அதை அப்பாகிட்டல்ல கேட்டிருக்கணும். நீ அம்மாவை அழவச்சு எனக்குப் போன் போட வச்சிருக்க" என்றாள்.

அவன் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

டிஸ்க்கில் எல்லாம் ஏறி முடிந்தது. அவள் அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, அமலாக்கும் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினாள். ரூட்டரைக் கூப்பிட்டாள், உடனே பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே பிளேட் மெஷின் ஓடத் தொடங்கியது. டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வரும் சத்தம் கேட்டது. பிறகு ஆப்செட்டின் சத்தத்தில் தரை அதிர்ந்தது.

அவள் விக்னேஷ்குமாரைக் கூப்பிட்டு, புதுப் பாஸ்வேர்டை அவனையே அடிக்கச் சொன்னாள். அவன் அடித்தபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தன் பெயரை மெஷினிலிருந்து நீக்கினாள்.

"தீபாவளிக்குக் குடுக்கவேண்டியதை இன்னைக்கே குடுத்துட்டேன். இனி இது உன் மெஷின்" என்றாள் தம்பியிடம்.

பெரியவர்கள் பேசி வைத்ததை உடைத்தது நீதான், இனி உன் ஆர்டர் ஒன்றுகூட இங்கே ஓடாது என்றான் அவன். ஓட்டச் சொல்லி நான் கேட்கவே இல்லையே என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

விக்னேஷ்குமார் படிக்கட்டு வரை பின்னால் வந்தான். "மொதலாளி சொன்னாக. நான் என்னக்கா செய்ய?" என்றான்.

"நீ என்னைய அக்கான்னு கூப்பிடாத."

ஆமத்தூர் வரை அவள் ஜெயித்துவிட்ட வேகத்தில் வந்தாள். அங்கே வண்டியை ஓரம் கட்டி ஒரு புளியமரத்தடியில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் சொன்ன பொய்யையும் சொன்னாள். பாலம்மாள் முழுவதும் கேட்டாள். பிறகு, அது சரி, சரிபண்ணத் தெரிஞ்சும் பண்ணாம, அத்தனை பேரையும் காக்க வச்சுட்டு நீ உக்காந்திருந்தியாமே, அது நெசமா என்று கேட்டாள். மணிகண்டராஜ் முந்திக்கொண்டிருந்தான். அவன் சொன்ன அந்தப் பாதியில் பொய் இல்லை. நிஜம்தான் என்றாள் ஸ்ரீமதி. அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டாள். உறவில் சிலர் இரண்டு பேர் மேலும் தப்பு என்றார்கள். பெரும்பாலானவர்கள் தப்பு அவள்மேல்தான் என்றார்கள். சீனிவாசகம் எதுவும் சொல்லவில்லை. பிரித்துக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்பதுபோல் இருந்தார்.

அவள் சிவகாசியில் வேறொரு அச்சகத்தைப் பிடித்து வேலையைத் தொடர்ந்தாள். வாடிக்கையாளர்களில் பலர் அவளோடு வந்தார்கள். அவசரத்தில் இருந்த சிலர், பிளேட் ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்று மணிகண்டராஜிடமே இருந்துவிட்டார்கள். அவர்களைப் போய்ப் பார்க்க அவன் முதன்முறையாக அச்சகத்தை விட்டு வெளியே அலைந்தான் என்று கேள்விப்பட்டாள். அந்த வருடம் தீபாவளிக்கு அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அங்கிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.

கார்த்திகையில் விக்னேஷ்குமார் மண்டிக்கு வந்தான். அச்சகத்தை விட்டு நின்றுவிட்டானாம். ஏதாவது கோளாறென்றால் முதலில் அவனைத்தான் சந்தேகப்படுகிறார்களாம். ஒருமுறை எண்ணை மாற்றிச் சொன்னவன் மறுமுறையும் சொல்வான் என்று முதலாளியே முகத்துக்கு நேராகச் சொன்னாராம். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஸ்ரீராம்குமார் மேலே வந்து, சம்பளத்துக்கு இருக்கிறவன், முதலாளி சொன்னால் என்ன செய்வான், உனக்கும் ஆள் வேண்டும்தானே என்றான்.

"ஆள் வேணும்தான். அவன் வேண்டாம்" என்றாள்.

ஸ்ரீராம்குமார் அதைச் சொல்லக் கீழே போனான். ஜன்னல் வழியே பார்த்தால் விக்னேஷ்குமார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போவது தெரியும். அவள் எழுந்து பார்க்கவில்லை. சிவகாசியிலிருந்து மாதிரி லேபிள் வந்திருந்தது. பிரித்துப் பார்த்தாள். சிவப்பு மங்கலாக இருந்தது. போனை எடுத்து, அதை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள்.